அத்தியாயம் 9: எண்ணிக்கை மேசையில் உங்கள் வேலை

சட்டமன்றத் தேர்தலிலோ மக்களவைத் தேர்தலிலோ ஒரு வேட்பாளரின் சார்பாக வாக்கு எண்ணிக்கை முகவராக உட்காரப் போகிறவர்களுக்கான அத்தியாயம் இது. கட்சிக்காக வந்தாலும் சுயேச்சைக்காக வந்தாலும் வேலை ஒன்றுதான். எண்ணுவது அதிகாரிகள். நீங்கள் இயந்திரத்தைத் தொடக்கூட முடியாது. பார்க்கலாம், குறித்துக்கொள்ளலாம், எழுத்தில் ஆட்சேபிக்கலாம். இந்த மூன்றையும் சரியான நேரத்தில் செய்யத் தெரிந்திருக்க வேண்டும். எண்ணிக்கையில் ஒவ்வொரு படியும் ஒரு கையெழுத்தோடு முடிகிறது. அந்தக் கையெழுத்துக்கு முன்னால் சொன்ன ஆட்சேபத்துக்கு மதிப்பு உண்டு. பிறகு சொல்வது பெரும்பாலும் புலம்பலாகவே போய்விடும்.

ஊராட்சித் தேர்தலுக்கு இது பொருந்தாது. தமிழ்நாட்டில் அதை நடத்துவது மாநிலத் தேர்தல் ஆணையம். அங்கே வாக்குச்சீட்டு, பெட்டி, வேறு விதிகள்.

## எதிரில் இருப்பவர்கள் யார்

தொகுதிக்குப் பொறுப்பு தேர்தல் நடத்தும் அலுவலர். சட்டமன்றத் தொகுதியில் இவர் பெரும்பாலும் கோட்டாட்சியர் நிலையில் உள்ள வருவாய்த்துறை அதிகாரி. வட்டாட்சியர்கள் உதவித் தேர்தல் நடத்தும் அலுவலர்களாக இருப்பார்கள். ஒவ்வொரு மேசையிலும் ஒரு கண்காணிப்பாளர், ஓர் உதவியாளர், ஒரு நுண் பார்வையாளர். நுண் பார்வையாளர் மத்திய அரசு ஊழியராகவோ பொதுத்துறை வங்கி ஊழியராகவோ இருப்பார். மேசையில் வரும் எண்களைத் தன் தாளில் தனியாகக் குறிப்பது அவர் வேலை. எல்லோருக்கும் மேலே இந்தியத் தேர்தல் ஆணையம் அனுப்பிய பார்வையாளர்.

எந்த ஊழியர் எந்த மேசையில் உட்காருவார் என்பது எண்ணிக்கை நாளன்று அதிகாலை 5 மணி அளவில் நடக்கும் கடைசிக் குலுக்கலில்தான் முடிவாகிறது. அதனால் மேசை ஊழியரை முன்கூட்டியே யாரோ பேசி வைத்துவிட்டார்கள் என்று வரும் செய்திகளை நம்பி மனதைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

## முன்கூட்டியே முடிக்க வேண்டியவை

1. படிவம் 18. முகவர் நியமனப் படிவம் இது. இரண்டு பிரதிகள், புகைப்படத்தோடு, எண்ணிக்கை நாளுக்கு மூன்று நாள் முன்பு மாலை 5 மணிக்குள் தேர்தல் நடத்தும் அலுவலரிடம் சேர வேண்டும். அடையாள அட்டை இதை வைத்துத்தான் தயாராகும். வழக்கமாக ஓர் அரங்கில் 14 மேசைகள். மேசைக்கு ஒருவர், தேர்தல் நடத்தும் அலுவலரின் மேசைக்கு ஒருவர். தபால் வாக்குக்குத் தனி மேசைகள் எத்தனை என்று கேட்டு அவற்றுக்கும் பெயர் கொடுங்கள்.

2. யாரை அனுப்பக் கூடாது. அரசு ஊழியர் முகவராக இருப்பது குற்றம். மூன்று மாதம் வரை சிறைத் தண்டனைக்கு இடமுண்டு. அமைச்சர், எம்.பி., எம்.எல்.ஏ., மேயர் போன்ற பதவியில் இருப்பவர்களையும், அரசுப் பாதுகாப்பு பெற்றவர்களையும் உள்ளே விட மாட்டார்கள்.

3. 17சி படிவங்களைச் சேர்ப்பது. இந்த அத்தியாயத்தில் ஒன்றை மட்டும் செய்வதென்றால் இதைச் செய்யுங்கள். வாக்குப்பதிவு முடிந்ததும் வாக்குச்சாவடித் தலைமை அலுவலர் எத்தனை வாக்கு பதிவானது, எந்த எண்ணுள்ள இயந்திரம், எந்த எண்ணுள்ள தாள் முத்திரை என்று 17சி படிவத்தின் முதல் பகுதியில் எழுதி, அங்கிருக்கும் பூத் ஏஜென்ட்களுக்கு நகல் தர வேண்டும். அந்த நகல்தான் எண்ணிக்கை நாளில் உங்கள் கையில் இருக்கும் ஒரே சாட்சி. பூத் ஏஜென்ட் அதைச் சட்டைப் பையில் மடித்து வைத்திருப்பார். வேட்டியோடு துவைக்கப் போட்டிருப்பார். வாக்குப்பதிவு அன்று இரவே ஆள் அனுப்பி வாங்கிவிடுங்கள்.

4. சுற்றுப் பட்டியல். 280 வாக்குச்சாவடி, 14 மேசை என்றால் 20 சுற்று. முதல் சுற்றில் 1 முதல் 14 வரை, இரண்டாவதில் 15 முதல் 28 வரை என்று போகும். மூன்றாம் மேசைக்கு 3, 17, 31, 45, 59 என்ற வரிசையில் வாக்குச்சாவடிகள் வரும். ஆனால் நடுவில் 45ஏ போலத் துணைச் சாவடி இருந்தால் கணக்கு நகர்ந்துவிடும். அலுவலகத்தில் சுற்றுவாரிப் பட்டியலைக் கேட்டு வாங்கி, அதன்படி 17சி நகல்களை மேசைவாரியாகப் பிரித்து நூல் கட்டி வையுங்கள்.

5. வரிசை எண். இயந்திரத்தின் திரையில் வேட்பாளர் பெயர் வராது, வரிசை எண்தான் வரும். ஒரே பெயரில் இரண்டு மூன்று சுயேச்சைகள் நிற்பது நம் ஊரில் சாதாரணம். குறிப்பேட்டில் வரிசை எண்ணை வைத்தே கட்டம் போடுங்கள். கடைசி எண் நோட்டா.

## அன்று காலை

எண்ணிக்கை 8 மணிக்குத் தொடங்கும். 6 மணிக்கே வாசலில் இருங்கள். மூன்று அடுக்குச் சோதனையைத் தாண்டுவதற்கு நேரமாகும். பேனா, வெள்ளைத் தாள் அல்லது குறிப்பேடு, 17சி நகல், அடையாள அட்டை. இவை போதும். செல்போனை வீட்டிலோ வண்டியிலோ வைத்துவிட்டு வாருங்கள். காவலரோடு வாக்குவாதம் செய்து வெளியே நின்றவரின் மேசை, அவர் வரும்வரை காலியாகத்தான் இருக்கும்.

ஸ்ட்ராங் ரூமைத் திறக்கும்போது வேட்பாளர் தரப்பில் ஒருவர் கட்டாயம் நிற்க வேண்டும். பூட்டின் மேல் இருக்கும் முத்திரையைப் பாருங்கள். பதிவேட்டில் கடைசியாக எப்போது திறந்ததாக எழுதியிருக்கிறது என்று கேளுங்கள். திறப்பதை வீடியோ எடுக்கிறார்களா என்பதையும் கவனியுங்கள்.

வாக்கின் ரகசியம் காப்பது பற்றிய, மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 128-வது பிரிவை எண்ணத் தொடங்கும் முன் உரக்கப் படிப்பார்கள். அது உங்களுக்கும் பொருந்தும்.

## தபால் வாக்கு: கடைசியில் கணக்குக் கேட்கும் இடம்

முதலில் எண்ணுவது தபால் வாக்கைத்தான். அரை மணி நேரம் கழித்து இயந்திர எண்ணிக்கை தொடங்கும். எல்லோர் கண்ணும் இயந்திரத்தின் பக்கம் திரும்பிவிடும். தபால் மேசையில் அனுபவம் குறைந்தவரை உட்கார வைப்பது பெரிய தவறு.

ராதாபுரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 2016 சட்டமன்றத் தேர்தலில் அங்கே இன்பதுரை, அப்பாவுவை 49 வாக்கு வித்தியாசத்தில் வென்றதாக அறிவிக்கப்பட்டது. உறுதிமொழியில் பள்ளித் தலைமை ஆசிரியர் சான்றொப்பமிட்டது செல்லாது என்று 203 தபால் வாக்குகளைத் தள்ளியிருந்தார்கள். வழக்கு நடந்து, 2019 அக்டோபரில் அந்தத் தபால் வாக்குகளையும் 19, 20, 21-ஆம் சுற்றுகளையும் மறுபடி எண்ணச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம். எண்ணினார்கள். முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை போட்டது. அது வெளியாகாமலேயே 2021 தேர்தல் வந்துவிட்டது. மேசையில் சில நிமிடங்களில் எடுத்த ஒரு முடிவு ஐந்தாண்டுப் பதவிக்காலத்தையே தின்றது.

தபால் மேசையில் வரிசை இது:

1. 8 மணிக்குள் வந்து சேர்ந்த உறைகள் மட்டுமே கணக்கில் வரும். மொத்தம் எத்தனை என்ற எண்ணைத் தொடக்கத்திலேயே கேட்டுக் குறியுங்கள்.
2. வெளியுறை 13சி. அதைப் பிரித்தால் உள்ளே 13ஏ உறுதிமொழியும், வாக்குச்சீட்டு வைத்து மூடிய 13பி உறையும் இருக்க வேண்டும்.
3. உறுதிமொழி இல்லை, கையெழுத்தோ சான்றொப்பமோ இல்லை, உறுதிமொழியில் உள்ள வாக்குச்சீட்டு எண்ணும் 13பி உறையின் மேல் உள்ள எண்ணும் பொருந்தவில்லை என்றால் அந்த 13பி உறையைத் திறக்காமலேயே தள்ளிவிடுவார்கள்.
4. இவற்றில் தேறிய 13பி உறைகளைப் பிறகுதான் திறப்பார்கள். யாருக்கும் குறியிடாதது, ஒருவருக்கு மேல் குறியிட்டது, வாக்களித்தவர் யார் என்று காட்டும் அடையாளம் உள்ளது, யாருக்கு என்று தெளிவாகத் தெரியாதது ஆகியவை செல்லாது.
5. ராணுவத்தினர் போன்றோர் மின்னணு முறையில் பெற்று அனுப்பிய சீட்டுகளில் க்யூஆர் குறியீட்டை வருடிச் சரிபார்ப்பார்கள். அதற்கு நேரமாகும், அவசரப்படுத்தாதீர்கள்.

குறிப்பு: தபால் வாக்கில் இந்த வடிவத்தில்தான் குறியிட வேண்டும் என்று விதி இல்லை. டிக் ஆனாலும் பெருக்கல் குறியானாலும் யாருக்கு என்று ஐயமில்லாமல் தெரிந்தால் செல்லும். அப்படிப்பட்ட சீட்டைத் தள்ளினால் உடனே, அந்தச் சீட்டு கட்டுக்குள் போவதற்கு முன்பே ஆட்சேபியுங்கள். தள்ளிய ஒவ்வொன்றுக்கும் காரணத்தைக் குறிப்பேட்டில் எழுதுங்கள்: சான்றொப்பம் 12, எண் பொருத்தமில்லை 5 என்பதுபோல.

இந்தக் குறிப்பு எதற்கு உதவும் என்றால், வெற்றி வித்தியாசம் தள்ளப்பட்ட தபால் வாக்குகளின் எண்ணிக்கையைவிடக் குறைவாக இருந்தால் தள்ளிய அனைத்தையும் தேர்தல் நடத்தும் அலுவலர் மறுபடி சரிபார்த்த பிறகே முடிவை அறிவிக்க வேண்டும். இது ஆணையத்தின் கட்டாய அறிவுறுத்தல். தபால் வாக்கு எண்ணும் அதே மையத்தில், அது முடியும் முன் இயந்திர எண்ணிக்கையின் கடைசிக்கு முந்தைய சுற்றைத் தொடங்கக் கூடாது என்று 2025 செப்டம்பரில் ஆணையம் உத்தரவிட்டிருக்கிறது. அப்படித் தொடங்கினால் எழுத்தில் சுட்டிக்காட்டுங்கள்.

## மேசையில் ஓர் இயந்திரம்

எண்ணிக்கைக்கு வருவது கண்ட்ரோல் யூனிட் மட்டுமே. வாக்காளர் பொத்தானை அழுத்திய பகுதி இங்கே தேவையில்லை. உங்களுக்கும் மேசைக்கும் நடுவே கம்பி வலை இருக்கும். வரும் ஒவ்வொரு இயந்திரத்துக்கும் இதே வரிசையில் பாருங்கள். எத்தனை சுற்று ஆனாலும் எதையும் தாண்டாதீர்கள்.

1. பெட்டியில் கட்டிய அட்டையில் வாக்குச்சாவடி எண். இது உங்கள் பட்டியலில் உள்ளதுதானா?
2. கண்ட்ரோல் யூனிட்டின் எண். 17சி நகலில் உள்ள எண்ணோடு கடைசி இலக்கம் வரை பொருந்துகிறதா?
3. முடிவுப் பகுதியின் வெளிமூடியில் உள்ள முத்திரையும் அட்டையும் உடையாமல் இருக்கின்றனவா?
4. வெளிமூடியைத் திறந்ததும் உள்ளே தெரியும் பச்சைத் தாள் முத்திரை. அதன் எண்ணை 17சி-யோடு ஒப்பிடுங்கள். இது கிழிந்திருந்தாலோ எண் மாறியிருந்தாலோ அங்கேயே நிறுத்தச் சொல்லுங்கள். முடிவுப் பொத்தானை அழுத்துவதற்கு முன்னால் சொல்ல வேண்டும்.
5. தாள் முத்திரையைத் துளைத்து முடிவுப் பொத்தானை அழுத்துவார்கள். திரையில் முதலில் வேட்பாளர் எண்ணிக்கையும் மொத்த வாக்கும், பிறகு வரிசை எண்படி ஒவ்வொருவரின் வாக்கும் வரும்.
6. முதலில் மொத்தத்தை 17சி-யோடு ஒப்பிடுங்கள். பிறகு எல்லா வேட்பாளரின் வாக்கையும் எழுதுங்கள். உங்கள் வேட்பாளருடையதை மட்டும் எழுதுவது பொதுவாக நடக்கும் தவறு.
7. கண்காணிப்பாளர் 17சி-யின் இரண்டாம் பகுதியை நிரப்பியதும் கூட்டிப் பாருங்கள். பிறகே கையெழுத்து.

ஓர் உதாரணம். 17சி-யில் பதிவான வாக்கு 712. திரையில் வரிசையாக 301, 288, 64, 9, 31, 4, நோட்டா 15. கூட்டினால் 712. சரி. இதில் 288-ஐ 228 என்று காதில் வாங்கியிருந்தால் கூட்டுத்தொகை 652-தான் வரும். பிழை அந்த மேசையிலேயே பிடிபடும். நோட்டாவை விட்டுவிட்டுக் கூட்டினால் 697 வந்து, இல்லாத தவறைத் தேடி அலைவீர்கள்.

எண் வேகமாக ஓடிவிட்டால் தயங்காமல் கேளுங்கள்: "சார், இன்னொரு தடவை காட்டுங்க." பொத்தானை மறுபடி அழுத்தினால் அதே முடிவு மறுபடி வரும். இதைக் கேட்பது உங்கள் உரிமை. கண்காணிப்பாளர்களும் பெரும்பாலும் முகம் சுளிக்காமல் காட்டுகிறார்கள்.

குறிப்பு: திரையில் தெரியும் பேட்டரி அளவைப் பிடித்துக்கொண்டு சண்டை போடாதீர்கள். அது வாக்குக் கணக்கைச் சொல்வதில்லை. இயந்திர எண், முத்திரை எண், மொத்த வாக்கு ஆகிய மூன்றில் மாறுபாடு இருந்தால் விடவே விடாதீர்கள்.

## எண் பொருந்தாவிட்டால்

மேலே சொன்ன சாவடியில் 712-க்குப் பதில் 762 வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் 50. வாக்குப்பதிவு தொடங்கும் முன் முகவர்கள் எதிரில் குறைந்தது 50 மாதிரி வாக்குகள் போட்டுப் பார்த்து, பிறகு அழிக்க வேண்டும். அழிக்க மறந்துவிட்டால் இப்படித்தான் வரும். மோசடி என்று கத்துவதற்கு முன் இந்த வித்தியாசத்தைப் பாருங்கள்.

இப்படி வந்தாலும், திரையே உயிர்பெறாவிட்டாலும் நடைமுறை ஒன்றுதான். அந்த இயந்திரத்தைத் தேர்தல் நடத்தும் அலுவலரின் பொறுப்பில் தனியே வைத்துவிட்டு மற்றவற்றை எண்ணுவார்கள். கடைசியில், ஒதுக்கி வைத்த சாவடிகளில் பதிவான மொத்த வாக்கைவிட வெற்றி வித்தியாசம் அதிகமாக இருந்தால் அவற்றால் முடிவு மாறாது, அப்படியே அறிவிப்பார்கள். வித்தியாசம் அதற்குச் சமமாகவோ குறைவாகவோ இருந்தால் அந்தச் சாவடிகளின் விவிபேட் சீட்டுகளை, அதாவது யாருக்கு வாக்கு விழுந்தது என்று கருவி அச்சிட்ட சீட்டுகளை, எண்ண வேண்டும். ஆகவே ஒதுக்கிய சாவடி எண்ணையும் அதன் 17சி மொத்தத்தையும் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் பெரிதாக எழுதி வையுங்கள்.

முத்திரை சேதப்பட்ட இயந்திரம் வேறு விஷயம். அதை எண்ணாமல் ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும்.

## சுற்று முடிவு

14 மேசைத் தாள்களும் தேர்தல் நடத்தும் அலுவலரின் மேசைக்குப் போகும். ஒவ்வொரு சுற்றிலும் பார்வையாளர் இரண்டு இயந்திரங்களைத் தற்செயலாக எடுத்து, மேசைத் தாளோடு ஒப்பிடுவார். கணினியில் ஏற்றி, கையெழுத்தாகி, பலகையில் எழுதுவார்கள்.

இங்கே நடக்கக்கூடியது ஏற்றும்போது வரும் பிழை: மேசையில் 288, பலகைக் கணக்கில் 228. தேர்தல் நடத்தும் அலுவலரின் மேசையில் உள்ள உங்கள் ஆள் கணக்குத் தெரிந்தவராக இருக்க வேண்டும். மேசை முகவர்களின் எண்களைச் சுற்று முடிந்ததும் அவரிடம் சேர்க்க வேண்டும். அரங்கில் இஷ்டப்படி நடமாட விட மாட்டார்கள் என்பதால், எண்களைத் துண்டுத் தாளில் எழுதி எப்படிக் கைமாற்றுவது என்று காலையிலேயே அலுவலரிடம் கேட்டுவிடுங்கள்.

நான் அழுத்திச் சொல்ல விரும்பும் ஒன்று. எட்டு, ஒன்பது சுற்றில் பின்னடைவு தெரிந்ததும் தோற்கிற தரப்பு முகவர்கள் எழுந்து போய்விடுகிறார்கள். பாதியில் போனவரைத் திரும்ப உள்ளே விட மாட்டார்கள். அதன் பிறகு ஜெயிக்கிறவரின் ஆளும் அதிகாரிகளும் மட்டுமே மேசையில் இருப்பார்கள். 2016-இல் காட்டுமன்னார்கோயிலில் திருமாவளவன் 87 வாக்கில் தோற்றார். 2021-இல் தியாகராய நகரின் வித்தியாசம் 137. இப்படிப்பட்ட தொகுதியில் கடைசி இயந்திரம் வரை யார் முன்னிலை என்று நிச்சயமில்லை. கடைசிக் கையெழுத்து வரை உட்காருங்கள்.

## விவிபேட்: ஐந்து சாவடிகள்

2019 ஏப்ரல் 8 அன்று உச்ச நீதிமன்றம் தந்த உத்தரவுப்படி, ஒரு சட்டமன்றத் தொகுதிக்கு ஐந்து வாக்குச்சாவடிகளின் விவிபேட் சீட்டுகளை எண்ணி இயந்திரக் கணக்கோடு ஒப்பிட வேண்டும். மக்களவைத் தேர்தலிலும் அதில் அடங்கும் சட்டமன்றத் தொகுதி ஒவ்வொன்றுக்கும் ஐந்து. கடைசிச் சுற்றுக்குப் பிறகு இது நடக்கும்.

1. எல்லா வாக்குச்சாவடி எண்களும் தனித்தனிச் சீட்டுகளில் இருக்கின்றனவா என்று மடிப்பதற்கு முன்பே பாருங்கள். நீங்கள் சந்தேகப்படும் சாவடியின் எண் விடுபட்டுவிடக் கூடாது.
2. நான்காக மடித்துக் குலுக்கி, வேட்பாளர்கள் அல்லது முகவர்கள் எதிரில் ஐந்தை எடுப்பார்கள்.
3. வங்கிக் காசாளர் கூண்டுபோல வலையடித்த தனி இடத்தில், ஒன்றன்பின் ஒன்றாக எண்ணுவார்கள். ஒரே நேரத்தில் இரண்டு எண்ண விடாதீர்கள்.
4. விவிபேட் எண்ணை 17சி-யில் சரிபாருங்கள்.
5. சீட்டுகளை வேட்பாளர்வாரியாகப் பிரித்து 25 கொண்ட கட்டுகளாக்குவார்கள். கடைசிக் கட்டில் எத்தனை என்பதைக் கவனித்துக் குறியுங்கள். பிழை வருவது அங்கேதான்.

இயந்திரத்துக்கும் சீட்டுக்கும் மாறுபாடு வந்தால் மறுபடி எண்ணுவார்கள். அப்போதும் மாறினால் சீட்டின் கணக்கே செல்லும். 56டி விதி அதைத் தெளிவாகச் சொல்கிறது. இந்த ஐந்து தவிர, வேறு சாவடிகளின் சீட்டையும் எண்ணச் சொல்லி அதே விதியின்படி எழுத்தில் கேட்கலாம். ஏற்பதா என்று அலுவலர் முடிவு செய்வார். காரணம் இல்லாத மனு நிற்காது. உங்கள் குறிப்பேட்டில் உள்ள மாறுபாடுகளே காரணம்.

## மறு எண்ணிக்கை கேட்பது

கையெழுத்தாகும் தருணம் இங்கேதான் மிக முக்கியம். மொத்தக் கணக்கும் படிவம் 20-இல் ஏறியதும் அலுவலர் அதை அறிவித்து, சற்று இடைவெளி தருவார். வேட்பாளரோ தலைமை முகவரோ அந்த இடைவெளிக்குள் எழுத்தில் மனு கொடுக்க வேண்டும். அவர்கள் இல்லாவிட்டால் எண்ணிக்கை முகவர் கொடுக்கலாம். முழுமையாகவோ ஒரு பகுதியையோ கேட்கலாம். அலுவலர் ஏற்றாலும் மறுத்தாலும் காரணத்தோடு எழுத வேண்டும். படிவம் 20-இல் அவர் கையெழுத்திட்ட பிறகு மறு எண்ணிக்கை கேட்க முடியாது.

ஆகவே மனுவின் தலைப்பு, தொகுதி, வேட்பாளர் பெயர் எல்லாம் எழுதிய தாளைக் காலையிலேயே தயாராக வையுங்கள். நிரப்ப வேண்டியது சுற்று, சாவடி எண், மாறுபாடு. இப்படி எழுதுங்கள்: "சாவடி 59: மேசையில் 288, சுற்றுத் தாளில் 228." "எண்ணிக்கையில் முறைகேடு நடந்துள்ளது" என்று மட்டும் எழுதினால் ஒரு வரியில் மறுத்துவிடுவார்கள். இரண்டு பிரதி, ஒன்றில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து.

இருவருக்கும் சமமான வாக்கு வந்தால் சீட்டுக் குலுக்கல்தான் தீர்வு. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 65-வது பிரிவு இதைச் சொல்கிறது.

## உடம்பையும் பாருங்கள்

எண்ணிக்கை பெரும்பாலும் கத்திரி வெயிலை ஒட்டியே வருகிறது. கல்லூரி அரங்கில் மின்விசிறிக் காற்று வலைக்கு இந்தப் பக்கம் வராது. சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர் மருந்தைச் சீட்டோடு எடுத்துச் சென்று சோதனையில் காட்டிவிடுங்கள். வெறும் வயிற்றில் போகாதீர்கள். மேசைக்கு ஒருவர்தான் என்பதால், உணவு இடைவேளையிலும் இயந்திரம் எதிரே இருக்கும்போது எழுந்து போகக் கூடாது.

எதிர்த்தரப்பு முகவர் சீண்டினால் பதில் பேசாதீர்கள். ஒழுங்கை மீறுபவரை வெளியேற்ற அலுவலருக்கு அதிகாரம் உண்டு. வெளியே முடிவு தெரிந்த பிறகு வெடியும் கூட்டமும் இருக்கும். கட்சிக் கரை வேட்டியோடு எதிர்த்தரப்புக் கூட்டத்துக்குள் போகாமல், பெண் முகவர்களைத் தனியே அனுப்பாமல், நாலைந்து பேராகக் கிளம்புங்கள்.

## கையோடு கொண்டுவர வேண்டியவை

படிவம் 20-இன் நகல், நீங்கள் கொடுத்த மனுக்களின் நகல், அவற்றுக்கான எழுத்துப்பூர்வ பதில், எல்லா மேசைக் குறிப்பேடுகளும். உச்ச நீதிமன்றத்தின் 2024 ஏப்ரல் 26 தீர்ப்பின்படி, இரண்டாவது மூன்றாவது இடம் பெற்ற வேட்பாளர்கள் முடிவு வந்த ஏழு நாளுக்குள் கட்டணம் கட்டி, தொகுதியில் 5 சதவீத இயந்திரங்களைச் சோதிக்கக் கேட்கலாம். உயர் நீதிமன்றத்தில் தேர்தல் வழக்குத் தொடுக்க 45 நாள் அவகாசம். ஜெயித்தாலும் தோற்றாலும் அந்த 45 நாளும் ஒரு தாளையும் எறிந்துவிடாதீர்கள்.